லட்டுக்கு மெருகு

ஆரோக்கியசாமிக்கு உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடத் தூணுக்குத் தூண் மாறி நிற்பான். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சோற்றை முடித்துவிடுவான். "இந்த ஆள் செத்தாலும் பெட்டிக்குள்ள படுக்காது, எழுந்து நின்னுக்கும்" என்று அவன் மனைவி பூவம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

கால்கள்தான் அப்படி. கைகள் வேறு ரகம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் மெருகுக் கொட்டகையில் பதினாறு வருஷமாக அவனுக்கு வேலை. கறுப்புச் சாயம் ஏறிய தோல் காய்ந்து வரும்போது அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கிக் கிடக்கும். முட்டை வெள்ளையில் தண்ணீரும் துளி பாலும் விட்டு, நுரை எழாமல் அடித்து, மல்லுத் துணியில் வடிகட்டி, அந்தத் தோலின்மேல் பஞ்சால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் கோடு விழும். ஒற்ற மட்டுமே வேண்டும். காய்ந்தபின் கண்ணாடி உருளையால் அழுத்தி இழுத்தால், தோலைக் குனிந்து பார்க்கிறவனுடைய மீசை முடி ஒவ்வொன்றும் அதில் தெரியும். அவன் மெருகு போட்ட தோலை மற்றவர்கள் போட்டதோடு கலந்து வைத்தாலும் மேஸ்திரி கோவிந்தசாமி பொறுக்கி எடுத்துவிடுவார்.

மெருகுக்கு வெள்ளைக்கரு போனால் மிஞ்சுவது மஞ்சள்கரு. அதைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆரோக்கியசாமியின் மூன்று பிள்ளைகளுக்கும் முட்டை என்றால் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று எண்ணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் ஆவணியில் அந்தக் கொட்டகைக்கு முடிவு வந்தது. இனிமேல் பதப்படுத்திய தோலை அப்படியே சென்னைக்கு அனுப்பிவிடலாம், மெருகெல்லாம் அங்கேயே போட்டுக்கொள்வார்கள் என்று முதலாளி தீர்மானித்துவிட்டார். செய்தியை மேஸ்திரிதான் கொண்டுவந்தார்.

"தீபாவளி கழிச்சு இங்க பூட்டு தொங்கப்போவுது, ஆரோக்கியம். நீ சுண்ணாம்புக் குழிக்கு வந்துடு."

"நானா?"

"பின்ன, கவர்னரா வருவாரு? வேலை இல்லேன்னு சொல்லாம குழியாவது குடுத்தாங்களேன்னு நெனைச்சுக்கோ."

சுண்ணாம்புக் குழி என்றால் முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, ஊறிய பச்சைத் தோலைப் புரட்டிப் போடும் வேலை. ஆரோக்கியசாமியின் அண்ணன் அந்தோணி அதில் ஒன்பது வருஷம் நின்றவன். அவனுடைய பாதங்கள் இப்போது வெந்த கிழங்கு மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அண்ணனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆரோக்கியசாமியின் பார்வை அந்தக் கால்களைத் தவிர வேறெங்கும் போகாது. மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன அன்று அவன் இரண்டு தோலில் கோடு விழவிட்டான். பதினாறு வருஷத்தில் நடக்காதது.

தப்பிக்க அவனுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது வேலூரில், லாங்கு பஜார் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது.

அந்த மாடியில் பஞ்சாட்சரம் என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, தோளில் கறுப்புத் துணி, எப்போதும் ஏதோ யோசனை. முன்பு ஒருமுறை கம்பெனியின் விலைப்பட்டியலுக்காகத் தோல்களைப் படம் எடுக்க ஆம்பூருக்கு வந்திருந்தார். மெருகு போட்ட தோலில் வெளிச்சம் பட்டுப் படம் முழுக்க வெள்ளைத் திட்டாக விழுந்தது. கேமராவில் போட்ட மூன்று கண்ணாடித் தகடு வீணான பிறகு, பக்கத்தில் நிலைகொள்ளாமல் உலாத்திக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி, "இப்படிச் சாய்ச்சுப் பாருங்க, ஐயா" என்று தோலை ஒரு விரற்கடை திருப்பினான். வெளிச்சம் அடிக்கிற இடத்தில் சாக்குக்கட்டித் தூளை ஊதினான். நான்காவது தகடு சுத்தமாக விழுந்தது.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் வேலூருக்கு பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. ரொட்டிக்கடை மக்பூல் அகமதுவின் பிஸ்கட்டுகள் படத்தில் வறட்டி மாதிரி விழுந்தபோது அவற்றுக்குப் பால் ஒற்றி உயிர் கொடுத்தது அவன்தான். மக்பூல் அகமது படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிஸ்கட்டா? நானே வாங்கித் துன்னலாம்போல இருக்கே!" என்றாராம். பண்டத்துக்கும் தோலைப்போலவே ஒரு முகம், ஒரு முதுகு உண்டு. முகத்தைக் கண்டுபிடித்து விட்டால் பாதி வேலை முடிந்தது என்பது ஆரோக்கியசாமியின் கணக்கு.

புரட்டாசியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. காபி கிளப் ராமமூர்த்தி ஐயர் தீபாவளிப் பலகாரத்துக்கு விளம்பரம் போட நினைத்தார். நோட்டீஸுக்கு ஒரு படம். சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் திரையில் காட்ட அதே படம் கண்ணாடியில். நடுவில் லட்டுக் கோபுரம், ஒரு பக்கம் ஜாங்கிரி, முன்னால் ஆவி பறக்கும் காபி. பஞ்சாட்சரம் தாமாகவே ஒருமுறை எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்துச் சாதாரணத் தகட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் கண் தெரியாது. இரண்டும் கறுப்பாகத்தான் விழும். நீலம் மட்டும் வெள்ளை வெளேரென்று விழும். லட்டுக் கோபுரம் கரிமூட்டை மாதிரி வந்திருந்தது. ஐயர் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்காணும், என் கடையிலே நிலக்கரியா விக்கறேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பஞ்சாட்சரம் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். கரிமூட்டைப் படத்தைக் காட்டினார்.

"இதை மட்டும் சரிபண்ணிக் குடு. அப்புறம் கல்யாண ஆர்டர், கடை ஆர்டர் எல்லாம் நமக்குத்தான். உன்னை இங்கேயே நிரந்தரமா வெச்சுக்குறேன். அந்த நாத்தத்துலேர்ந்து வெளியே வந்துடலாம்."

"நெசமா, ஐயா?"

"விபூதி இட்ட வாயால சொல்றேன்."

ஆரோக்கியசாமி அதைப் பூவம்மாளிடம் சொன்னபோது அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொன்னாரு, சரி. ஐயரூட்டுப் பண்டத்துல முட்டையத் தடவப்போறியே, அது தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? படம் எடுத்ததும் தூக்கிக் கொட்டிடுவோம். யாரு துன்னப்போறாங்க?"

"யோவ், கொஞ்சம் நின்னு பேசுய்யா. நீ நடக்குறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

படம் எடுக்கும் நாளன்று வானம் படுத்தியது. ஸ்டுடியோவின் கூரை வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி; வெயிலை வெள்ளைத் திரையால் இழுத்து விட்டுச் சரிசெய்ய வேண்டும். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. விடிந்ததும் ஐயர் கடையிலிருந்து பித்தளைச் சம்புடத்தில் பலகாரம் வந்துவிட்டது. கேட்டபடியே கலர் போடாத லட்டு, கலர் போடாத ஜாங்கிரி. கூடவே ஒரு சொல்லும் வந்திருந்தது: ஸ்நானம் பண்ணிவிட்டுப் பஞ்சாட்சரம் ஒருவர்தான் கையால் தொட வேண்டும், மத்தியானம் ஐயரே வருவார்.

"சரின்னு சொல்லிட்டேன்," என்றார் பஞ்சாட்சரம். "அவர் வர்றதுக்குள்ள உன் வேலைய முடி. வந்ததும் இந்தக் கையுறையை மாட்டிக்கோ. கேட்டா, திரை இழுக்குற ஆள்."

ஆரோக்கியசாமியின் கைகள் மணிக்கட்டு வரைக்கும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை ஏறிய பழுப்பு. நகங்களில் கறுப்புச் சாயம். சீயக்காயும் எலுமிச்சையும் போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாது.

அந்தக் கையால்தான் அவன் வேலையை ஆரம்பித்தான். லட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி முகம் பார்த்தான். பூந்தி உதிர்ந்த இடத்தில் குச்சி முனையால் வேறு பூந்தியை எடுத்துக் கோந்து தொட்டு ஒட்டினான். துணிக்குப் போடும் நீலத்தை நாலே துளி தண்ணீரில் கரைத்து எல்லாவற்றின்மேலும் லேசாகத் தெளித்தான். பார்க்க நோய் பிடித்த மாதிரி இருக்கும். தகட்டில் வெண்ணெய் மாதிரி விழும். பாகு காய்ந்தால் சர்க்கரை பூத்து மங்கிவிடும் என்பதால் வடிகட்டிய முட்டை வெள்ளையை இரண்டு தரம், ஒன்று காய்ந்தபின் ஒன்றாக, பஞ்சால் ஒற்றினான். லட்டு ஒவ்வொன்றும் நெய்யில் மூழ்கி அப்போதுதான் எழுந்த மாதிரி மினுங்கியது. ஜாங்கிரிச் சுருள்களின் மேட்டில் மட்டும் கிளிசரின் துளி. காபி தம்ளரில் ஆவாரம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தெளிவும். மேலே, துணி துவைக்கும் பூந்திக்கொட்டையை அடித்து எடுத்த நுரை. காபி நுரை எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிடும். பூந்திக்கொட்டை நுரை அரை நாள் நிற்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆரோக்கியசாமி ஜன்னலுக்குப் போனான், மேஜைக்கு வந்தான், ஒரு லட்டை மயிரிழை திருப்பினான், மறுபடி ஜன்னலுக்குப் போனான். மாடிப்படியில் இறங்கித் தெருவைப் பார்த்துவிட்டு ஏறினான்.

"தரை தேஞ்சுடும், ஆரோக்கியம்," என்றார் பஞ்சாட்சரம்.

"மேகம் நவுறுதா பாக்கலாம்னுதான், ஐயா."

"நீ நடந்தா அது நகருமா?"

மேகம் நகரும் முன்பே ஐயர் வந்துவிட்டார். கூட ஒரு சமையற்கட்டு ஆள், கையில் காலித் தூக்கு. ஆரோக்கியசாமி அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு திரைக் கயிற்றுப் பக்கம் ஒதுங்கினான்.

ஐயர் கெட்ட மனிதர் அல்லர். சின்ன வயதில் அடுப்படியில் எச்சில் இலை எடுத்து வளர்ந்து, தாமாகக் கடை வைத்தவர். கோபுரமாக அடுக்கியிருந்த லட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "நீலமா இருக்கே?" என்றார் கடைசியில்.

"கண்ணாடிக் கூரை வெளிச்சம், அப்படித்தான் தெரியும்," என்றார் பஞ்சாட்சரம் கண் இமைக்காமல்.

"யார் இந்த ஆள்?"

"திரை இழுக்குறவன்."

பன்னிரண்டரைக்கு வெயில் விழுந்தது. ஆரோக்கியசாமி தம்ளருக்குப் பின்னால் மூங்கில் குழலை வைத்துச் சாம்பிராணிப் புகையை ஊதினான். பஞ்சாட்சரம் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி மூடியைக் கழற்றி, "சிவ சிவ" என்று ஐந்து தரம் சொல்லி மூடினார். அப்படியே இரண்டு தகடு. ஐந்து எண்ணும் நேரத்தில் புகை அலைந்து அலைந்து படத்தில் ஆவியாகப் படியும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆரோக்கியசாமிக்கு அன்று முதல்முறையாக மூச்சு முழுதாக வந்தது.

பஞ்சாட்சரம் முதல் காரியமாகக் காபி தம்ளரை எடுத்துக் கழுவுமிடத்தில் கவிழ்த்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சமையற்கட்டு ஆள் மேஜையருகில் தூக்கைத் திறந்துவிட்டிருந்தான்.

"அது எதுக்கு, சாமி?" என்று பஞ்சாட்சரம் கேட்டார்.

"எதுக்கா? இது தீபாவளி முதல் ஈடுய்யா. ஒவ்வொரு வருஷமும் முதல் ஈடு கோட்டைப் பிள்ளையாருக்கு. அப்புறம் தெருக் குழந்தைகளுக்கு. இந்த வருஷம் படத்துக்கும் அதுவே இருக்கட்டும்னு நினைச்சேன். பகவானுக்குப் போற பண்டத்தை வெச்சு எடுத்தா விளம்பரமும் நிக்கும். நீர் ஒருத்தர்தானே தொட்டீர்? கேமரா பாக்கறதாலே எச்சிலாயிடாது."

ஐயருக்குத் தம் யோசனையில் ஒரே பெருமை. அதனால்தான் கலர் போடாத அந்த ஈட்டைத் தாமே குளித்துவிட்டு உட்கார்ந்து பிடித்தாராம். இருபத்துநாலு லட்டு.

ஆரோக்கியசாமி பஞ்சாட்சரத்தைப் பார்த்தான். பஞ்சாட்சரம் கேமராவின் காலைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே அவனுக்கு மட்டும் தெரியும்படி தலையை லேசாக ஆட்டினார். விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். கொஞ்சம் முட்டை, கொஞ்சம் நீலம். பிள்ளையார் கேட்கவா போகிறார்?

ஆரோக்கியசாமி கயிற்றை விட்டான், மறுபடி பிடித்தான். சொல்லிவிட்டால் ஸ்டுடியோவுக்கு அன்றோடு பூட்டு. ஐயர் கடைப் பண்டத்தில் முட்டை என்று லாங்கு பஜார் முழுக்கப் பரவினால் ஐயர் கடைக்கும் அதே கதிதான். சொல்லாவிட்டால் அவனுக்கு நிரந்தர வேலை. குழியில் இறங்க வேண்டாம். அந்தோணியின் கால்கள் ஒருகணம் கண்முன் வந்தன. ஆனால் அந்த மனுஷன் கும்பிட்டுக் கொண்டுவந்த பண்டம். தன் கோயிலில் பூசைக்கு வைக்கிற அப்பத்தில் எவனாவது எதையாவது தடவிவிட்டுப் பேசாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றிய பிறகு நிற்க முடியவில்லை.

சமையற்கட்டு ஆள் முதல் லட்டை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் ஆரோக்கியசாமி மேஜைக்கு வந்துவிட்டான். வலது கையுறையைக் கழற்றினான். பழுப்பேறிய அந்தக் கையால் உச்சி லட்டை எடுத்தான். எல்லோரும் பார்க்க அதைக் கடித்தான்.

மெருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. நாக்கில் நீலம் கசந்தது. கடித்த மிச்சத்தைத் தட்டிலேயே, மற்ற லட்டுகளின் நடுவில் வைத்தான்.

"பசிச்சுது, சாமி," என்றான்.

ஐயர் அந்தக் கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். எந்த வேலைக் கை என்று வேலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"அடப் பாவி!" என்றார். "பிள்ளையாருக்கு வெச்சதுடா! கேட்டிருந்தா கடையிலே வயிறு முட்டக் குடுத்திருப்பேனேடா!" பிறகு பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினார். "தோல் ஷாப்பு ஆளையா உள்ளே விட்டிருக்கீர்? இவன் இங்கே இருந்தா என் கால் இந்த மாடிப்படி ஏறாது. இப்பவே சொல்லிட்டேன்."

பஞ்சாட்சரம் விபூதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போடா," என்றார் ஆரோக்கியசாமியிடம். "இனிமே வராதே." அவனுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாயில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கிவிட்டுத்தான் அவன் படி இறங்கினான். பஸ்ஸுக்குக் காத்திராமல் விரிஞ்சிபுரம் வரைக்கும் நடந்தே போனான்.

வீட்டில் பூவம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். அப்புறம் கேட்டாள்:

"வயித்த வலிக்குதா?"

"இல்ல."

"நீலத்தைத் துன்னுட்டு வந்திருக்குது. நாளைக்கு வெளுத்துக் காயப்போடலாம் உன்னை." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற வழியே தோணலியாய்யா உனக்கு?"

"தட்டைத் தள்ளி உட்டிருக்கலாம். வழியில தோணுச்சு."

"தள்ளினா பொறுக்கிக் கழுவியிருப்பாங்க. போ, கை கழுவிட்டு வா."

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை அவன் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். குழி வேலையில் நடக்க முடியாது; நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவனுக்கு அதுதான் பெரிய தண்டனை. கால் அரித்தது, அரிப்பைவிட அசையாமல் நிற்பது கொடுமையாக இருந்தது. மேஸ்திரி கோவிந்தசாமி வேலூரில் சினிமா பார்த்துவிட்டு வந்து குழி ஓரத்தில் நின்று வர்ணித்தார். "இடைவேளையில ஒரு லட்டுப் படம் காட்றான் பாரு, வண்டிச் சக்கரம் கணக்கா! நெய் அப்படியே வழியுது. என் பக்கத்துல ஒருத்தன் எழுந்து ஓடிப்போய் வாங்கியாந்துட்டான். நீ அங்கதான போவே, ஆரோக்கியம்? யாரு எடுத்தது அது?"

"தெரியல, மேஸ்திரி," என்றான் அவன். தோலைப் புரட்டிப் போட்டான்.

மார்கழி போய்த் தை வந்தது. கணுக்காலுக்கு மேல் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் கம்பெனி வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. உள்ளே ராமமூர்த்தி ஐயர். மூக்கில் மேல்வேட்டி. இறங்கவில்லை. ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவன் ஈரக் காலோடு வந்து சக்கரத்துக்கு நாலடி தள்ளி நின்றான். அடிக்க ஆள் கூட்டிவந்திருக்கிறாரோ என்று ஒருதரம் பின்னால் பார்த்துக்கொண்டான்.

"முப்பது வருஷமா லட்டு பிடிக்கிறவன் நான்," என்று ஐயர் ஆரம்பித்தார். "என் லட்டைக் கடிச்சா சத்தம் வராது. நீ கடிச்சப்போ சத்தம் வந்தது. அன்னிக்குக் கோவத்துலே காதுலே விழலே. படுத்தப்புறம் விழுந்தது. அந்தத் தட்டைக் கொல்லையிலே கொட்டச் சொன்னேன். காக்கா கொத்திப் பாத்துட்டுப் போயிடுத்து. மூணு நாளாகியும் ஒரு எறும்பு வரலே. என் லட்டுக்கு எறும்பு வரலேன்னா என்ன அர்த்தம்? நிஜத்தைச் சொல்லு. என்ன போட்டே?"

ஆரோக்கியசாமி கால் மாற்றி நின்றான். "துணி நீலம், சாமி. கோந்து. அப்புறம்... முட்டை வெள்ளை."

ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். குதிரை தலையை உதறியது. ஜட்காக்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

"பஞ்சாட்சரத்துக்குத் தெரியுமா?"

"என் வேலை அது. நான் போட்டது."

"நான் கேட்டது அது இல்லே."

ஆரோக்கியசாமி குனிந்து காலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்தான். ஐயரும் மறுபடி கேட்கவில்லை. "வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடா," என்றார்.

"சொன்னா அந்த ஐயா கடை போயிடும். ஒங்க கடையும் போயிடும், சாமி. எச்சி பண்ணா லட்டு மட்டுந்தான் போவும்."

"நீயும் போனே."

"ஆமா, சாமி."

ஐயர் மூக்கிலிருந்து வேட்டியை எடுத்தார். நாற்றம் தாங்காமல் மறுபடி வைத்துக்கொண்டார். "சித்திரைக்குக் காலண்டர் போடணும். பஞ்சாட்சரம் ரெண்டு தரம் எடுத்துட்டார். ரெண்டும் சாணி உருண்டை. அன்னிக்குப் படத்திலே இருந்தது உன் கைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எல்லாரும் தீபாவளிப் படம் மாதிரி வேணும்கறா. நான் அவர்கிட்டே தீர்த்துச் சொல்லிட்டேன், அந்த ஆளை வேலைக்கு வெச்சாத்தான் ஆர்டர்னு. மாசி முதல் தேதி வரச் சொன்னார். ஆனா ஒண்ணு. என் அடுப்பிலேர்ந்து இனிமே ஒரு பருக்கை அந்த மாடி ஏறாது. நீ எதை வேணா உருட்டிக்கோ, எதை வேணாப் பூசிக்கோ. திங்கற பண்டமா மட்டும் இருக்கப்படாது. யாரும் மறந்துபோய்க்கூட வாயிலே வெக்க முடியாததா இருக்கணும்."

ஆரோக்கியசாமிக்கு உடனே ஆவாரம்பட்டைத் தூள் ஞாபகம் வந்தது. சலித்து, வஜ்ஜிரப் பசையில் பிசைந்து, கோலிக்குண்டைவிடச் சின்னதாக உருட்டிச் சேர்த்தால் பூந்தி மாதிரியே நிற்கும். மேலே சுண்ணாம்பு, அதன் மேலே நீலம், அதன் மேலே மெருகு. கைகள் தாமாக உருட்டிப் பார்த்தன.

"முடியும், சாமி. ஆனா ஒரு வார்த்தை."

"என்ன?"

"கையுறை போட மாட்டேன். யாரு கேட்டாலும் திரை இழுக்குறவன்னு சொல்லக் கூடாது. பண்டத்துக்கு மெருகு போடுறவன்னு சொல்லணும். ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஐயர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. "சொல்றேன்," என்றார். ஜட்காவைத் திருப்பச் சொன்னார். வண்டி இரண்டு தப்படி போனதும் தலையை வெளியே நீட்டி, "காலுக்கு விளக்கெண்ணெய் போடு," என்று கத்தினார்.

மாசி முதல் தேதி காலை பூவம்மாள் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தாள். அவன் தோளில் சலித்த பட்டைத்தூள் ஒரு மூட்டை. கண்டக்டர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"இன்னாய்யா இது?"

"லட்டு," என்றான் ஆரோக்கியசாமி.

"பேஜாரு புடிச்ச ஆளு! மேல போடு."

மூட்டை கூரைமேல் ஏறியது. பூவம்மாள் ஜன்னல் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டி, "குந்துய்யா, வேலூரு வரைக்கும் நிப்பியா?" என்றாள். அவன் உட்கார்ந்தான். பஸ் புறப்படவில்லை. இறங்கி மூட்டைக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தான், ஏறினான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். மறுபடி இறங்கினான். வேலூர்ச் சாலையில் பத்தடி நடந்து, பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, இன்னும் பத்தடி நடந்தான். பஸ் கிளம்பி வந்தபோது அவன் சாலையோரச் சத்திரத்தைத் தாண்டியிருந்தான். கண்டக்டர் திட்டிக்கொண்டே கையை நீட்ட, ஓடுகிற பஸ்ஸில் ஏறி, படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.